வெற்றுப் பெட்டியில் 'அழி' தட்டினால்: ஒரு கலைச்சொல் தேவை

கோணேசபுரி வளாகத்திலிருந்து

அன்பின் குழுவினர்க்கு,

பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று தமிழ்க் குறுக்கெழுத்துச் செயலி ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து செய்துகொண்டிருக்கிறேன். செயலி ஓரளவு ஓடுகிறது. அதன் உள்விளக்கத்தையும் தமிழிலேயே எழுதுவோம் என்று தொடங்கினோம். எங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் நிரலைத் திறந்தால் விளங்கவேண்டும் அல்லவா? அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

ஒவ்வொரு கட்டமும் ஓர் உரைப்பெட்டி. பிள்ளை ஓர் எழுத்தைத் தட்டியதும் செயலி தானாக அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். தட்டியது பிழை என்று கண்டதும் அழி பொத்தானைத் தொடுவாள். அந்நேரம் அவள் நிற்பது இன்னும் எதுவும் எழுதாத கட்டத்தில். அங்கே அழிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் தட்டினாள் என்பது செயலிக்குத் தெரியவேண்டும். தெரிந்தால்தான் முந்திய கட்டத்துக்குத் திரும்பிப் போய் அங்கே இருப்பதை அழிக்கலாம். ஓடிபி இலக்கங்களை ஆறு பெட்டிகளில் கேட்கிறார்களே, அங்கும் இதே சங்கதிதான்.

இதற்கு என்ன பெயர்? இப்போதைக்கு 'நீக்கல் விசை அழுத்தம் கண்டறிதல்' என்று எழுதி வைத்திருக்கிறோம். வாசித்தால் பொலிஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது.


உவர்மலையிலிருந்து

தங்கச்சி, நீங்கள் எழுதிய நாலு சொல்லில் எனக்கு மூன்று பிடிக்கவில்லை. கோபிக்கவேண்டாம்.

நீக்கல்: கோப்பை நீக்கலாம், படத்தை நீக்கலாம், குழுவிலிருந்து ஆளை நீக்கலாம். எழுத்தை நாங்கள் அழிக்கிறோம். அழிறப்பர் வாங்கி வளர்ந்த பிள்ளைகள்தானே எல்லாரும்? கடையில் போய் நீக்குறப்பர் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

விசை, அழுத்தம் இரண்டும்தான் பெரிய சிக்கல். மேசைக் கணினியில் விசை உண்டு. அழுத்தினால் இன்ன விசை என்று ஓர் எண் வரும். அன்ட்ரொயிட்டில் இந்த விசைக்குரிய எண் 67. போனோடு ஒரு புளூடூத் கீபோட்டை இணைத்துத் தட்டிப் பாருங்கள், 67 ஒழுங்காக வந்து சேரும். திரையில் எழும்பும் கீபோட்டின் போக்கு வேறு. அது தன்பாட்டில் ஒரு தனிச் செயலி. அதற்கும் உங்கள் உரைப்பெட்டிக்கும் நடுவே இயக்குதளம் ஓர் இணைப்பை வைத்திருக்கிறது. 'இடஞ்சுட்டிக்கு இந்தப் பக்கம் இருப்பதில் ஒன்றை எடுத்துவிடு' என்று கீபோட் அந்த இணைப்பினூடாகச் சொல்லி அனுப்பும். விசை எண்ணை அனுப்பியே தீரவேண்டும் என்ற கடப்பாடு அதற்குக் கிடையாது. திரைக் கீபோட்டிடமிருந்து விசை நிகழ்வு வரும் என்று நம்பியிருக்கவேண்டாம் என்று அன்ட்ரொயிட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. சில கீபோட்கள் சில நேரம் 67ஐயும் அனுப்பும். எப்போது அனுப்புவது என்பது கீபோட்டைச் செய்தவர் மனம் போல.

இன்னுமொரு கூத்து இருக்கிறது. சொல் பாதியில் நிற்கும்போது அதன் அடியில் ஒரு கோடு தெரியுமே, அந்நிலையில் அழித்தால் அழி என்ற பேச்சே எழாது. 'அம்மா' இருந்த இடத்தில் 'அம்ம' என்று வை என்று புதிய உரைதான் வரும். அழித்தார்கள் என்பதைப் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு நீங்களாக ஊகித்துக்கொள்ளவேண்டியதுதான். வெறும் பெட்டியில் ஒப்பிட எதுவுமில்லை. ஆகவே உரை மாறியதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் காவல்காரனை அங்கே யாரும் தட்டி எழுப்பப் போவதில்லை. உலாவியிலும் இதே தொல்லை: அன்ட்ரொயிட் குரோமில் விசை எண்ணைக் கேட்டால் எதைத் தட்டினாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே பதில். பிறகுதான் 'உள்ளீட்டுக்கு முன்' என்றொரு நிகழ்வைக் கொண்டுவந்தார்கள். விசை எது என்று அது சொல்லாது, நோக்கம் எது என்று சொல்லும்: உள்ளடக்கத்தைப் பின்னோக்கி அழிக்கப்போகிறேன் என்று.

ஐபோன்காரருக்கு இவ்வளவு பாடு இல்லை. உரை மாறப்போகிறது என்று அறிவிக்கும் வழமையான முறை வெறும் பெட்டியில் அங்கும் வாய் திறக்காது. ஆனால் உரைப்பெட்டியின் வகுப்பிலிருந்து ஒரு துணைவகுப்பை எடுத்து, 'டிலீட்பேக்வேர்ட்' (பின்னோக்கி அழி) என்ற முறையை மேலெழுதினால், பெட்டி வெறுமையாக இருந்தாலும் அழைப்பு வரும். அந்தப் பெயரிலும் விசை இல்லை, கவனியுங்கள்.

ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் போதும் என்று யாரோ எழுத வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் மடிக்கணினியில் டிலீட் என்று அச்சடித்த விசை செய்வது மற்றவர்களின் பேக்ஸ்பேஸ் வேலை. அன்ட்ரொயிட் 67க்கு வைத்த பெயரும் டிலீட்டின் சுருக்கமான டெல்தான். மறுபக்கத்தை அழிப்பதற்கு 112 என்று வேறோர் எண், வேறோர் பெயர். தட்டச்சுப் பொறியில் பேக்ஸ்பேஸ் எதையும் அழித்ததில்லை, தாளோடு வண்டியை ஓர் இடம் நகர்த்தும், அவ்வளவே. எழுத்துகளுக்கு எண் கொடுத்த ஆஸ்கி அட்டவணையில் டிலீட்டுக்கு 127 கிடைத்தது துளைநாடாவின் புண்ணியம்: ஏழு துளையையும் குத்திவிட்டால் அங்கே முன்பு இருந்த எழுத்தின் கதை முடிந்தது. இப்படி அவர்களிடமே ஒழுங்கில்லாத பெயரை நாங்கள் ஏன் சுமக்கவேண்டும்?

செயலிக்கு வந்து சேர்வது ஒரு கோரிக்கை. அதை நிறைவேற்றலாம், மறுக்கலாம், உங்கள் குறுக்கெழுத்தில் நடப்பதுபோல் வேறு பெட்டிக்குத் திருப்பியும் விடலாம். கேள்வி கோரல், விண்ணப்பம் கோரல் என்று அரச கச்சேரி அறிவித்தற்பலகையில் வாசித்துப் பழகிய சொல் நமக்கு இருக்கிறது. 'அழிகோரல்' என்று வைப்போமா? வெறும் பெட்டியில் வருவது 'வெற்றுக்கோரல்'. கண்டறிதல் அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை.


மடத்தடியிலிருந்து

கருத்து நல்லது. ஆனால் சொல்லில் ஓட்டை இருக்கிறது. கடிநாய் என்றால் கடிக்கிற நாய், சுடுசோறு என்றால் சுடுகிற சோறு. அந்த வழியில் அழிகோரல் என்றால் அழிகின்ற கோரல் என்றுதான் விரியும். நான் சேவையில் இருந்த காலத்தில் மேலிடத்துக்கு எழுதிய கோரல்கள் பலவற்றுக்கு அது மிகப் பொருத்தம். உங்கள் தேவைக்கு ஆகாது. 'அழிப்புக் கோரல்' என்று வையுங்கள். அழிப்புக்கான கோரல் என விரிந்து ஒழுங்காக நிற்கும்.

அழிப்பு என்றதும் காடழிப்பு, பயிரழிப்பு என்றுதான் காது போகிறது. எங்கள் பகுதியில் அந்தச் சொல்லுக்கு அதைவிடப் பாரமும் உண்டு. 'அழித்தற் கோரல்' என்று இளக்கிப் பார்த்தேன். பிள்ளைகளின் நாக்கில் ஏறாது. பிள்ளைகள் பார்க்கும் பொத்தானில் 'அழி' என்று மட்டும் இருந்தால் இது பெரிதாக உறுத்தாது என்று நினைக்கிறேன்.


கிண்ணியாவிலிருந்து

உவர்மலை சேருக்கு ஒரு கேள்வி. அழிப்புக் கோரல் என்றால் எந்தப் பக்கத்தை? பேக்ஸ்பேஸ் இடப்பக்கம், மற்றது வலப்பக்கம், ஆகவே இடவழிப்பு, வலவழிப்பு என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதினார். அது சரிவராது. எங்கள் பிள்ளைகள் இதே போனில் அரபும் தட்டுவார்கள். அரபு வலமிருந்து இடம் போவதால், கடைசியாகத் தட்டிய எழுத்து இடஞ்சுட்டியின் வலப்பக்கம் நிற்கும். அதே பொத்தான் அங்கே வலப்பக்கத்தை அழிக்கும்.

முன், பின் என்று பிரிப்பதும் சுத்தமில்லை. புணர்ச்சி விதி படிக்கும்போது 'உயிர்முன் வல்லினம்' என்றால் உயிருக்கு அடுத்து வருகிற வல்லினம். 'முன் சொன்னதுபோல' என்றால் ஏற்கெனவே கடந்துபோனது. முன்னழிப்பு என்று எழுதினால் பாதிப்பேர் பேக்ஸ்பேஸ் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஒரு கோரல் ஓர் எழுத்தைத்தான் அழிக்குமா? என் போனில் 'கொ' ஒரு தட்டில் போவதில்லையே.


உவர்மலையிலிருந்து

பக்கப் பிரச்சினையை எழுத்து நிற்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் தீராது. இடஞ்சுட்டி நகர்கிற திசையை வைத்துக்கொள்வோம். அழித்தபடி அது பின்னுக்கு வருகிறது, அதனால் பின்னழிப்பு. அரபானாலும் தமிழானாலும் எழுதிய வழியே திரும்பி வருவது பின்னுக்குத்தான். முன்னழிப்பு குழப்பம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போனின் திரைக் கீபோட்களில் அந்தப் பொத்தானைக் காண்பதே அரிது, ஆகவே இந்த ஆவணத்தில் அதை விட்டுவிடலாம்.

'கொ' விஷயம் சுவையானது. யுனிக்கோட்டில் அது ககரம், ஒகரக் குறி என்று இரண்டு. ஒரு பின்னழிப்பில் பல கீபோட்கள் கடைசிக் குறியை மட்டும் எடுக்கும், 'க' மிஞ்சும். அதே 'கொ' ககரம், கொம்பு (ெ), அரவு (ா) என்று மூன்றாகவும் பதிவாகலாம். அப்படியானால் முதல் தட்டில் அரவு போய் 'கெ' மிஞ்சும். இலக்கணம் படித்தவர் கேட்பார்: ஒகரத்தை எடுத்தால் 'க்' அல்லவா மிஞ்சவேண்டும், அகரம் எங்கிருந்து வந்தது? யுனிக்கோட்டில் 'க' அகரத்தோடேயே பிறக்கிறது, புள்ளிதான் மேலதிகக் குறி. எழுத்தைக் குறைத்து மெய்யாக்கப் பெட்டியில் ஒன்றைக் கூட்டவேண்டும்.

குறுக்கெழுத்தில் இது நேரே வந்து இடிக்கும். பிள்ளை 'கொ' வை அழிக்க நினைத்துத் தட்டுகிறாள், 'க' நிற்கிறது, மறுபடி தட்டுகிறாள், பெட்டி வெறுமையாகிறது. அவள் மூன்றாவது முறை தட்டுவதுதான் வெற்றுக்கோரல். உங்கள் விருப்பம் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால், முதல் கோரலிலேயே முழு உயிர்மெய்யையும் எடுத்துவிடுவது நல்லது. விடையை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும்: இரண்டு குறி 'கொ' வும் மூன்று குறி 'கொ' வும் ஒன்றென்று ஐபோனின் ஸ்விஃப்ட் மொழி எடுத்துக்கொள்ளும். அன்ட்ரொயிட் பக்கத்துக் கொட்லின் மொழி வேறென்று சொல்லிவிடும். ஒப்பிட முன் நாங்களே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும்.


கோணேசபுரி வளாகத்திலிருந்து

எல்லாருக்கும் நன்றி. அன்ட்ரொயிட் பக்கத்தில் கீபோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவேயுள்ள இணைப்புக்கு எங்கள் நிரலால் உறை போட்டுக் கோரலைப் பிடிக்கிறோம். எல்லாக் கீபோட்டும் ஒரே மாதிரி நடக்காததால், ஒவ்வொரு பெட்டியிலும் அகலமில்லா இடைவெளி ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறோம். பிள்ளைக்குப் பெட்டி வெறுமை, நிரலுக்கு வெறுமை இல்லை. தட்டினால் அந்த இடைவெளி அழிபடும், உரை மாறியது என்று செய்தி வரும். 'காவலெழுத்து' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். விடையை ஒப்பிட முன் அதைக் கழற்ற மறந்தால் சரியான விடைக்கும் பிழை விழும். வேறு நல்ல பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

ஆவணத்தில் இப்போது இப்படி இருக்கிறது:

"பின்னழிப்புக் கோரல்: இடஞ்சுட்டி பின்னுக்கு நகர்ந்தபடி அழிக்கவேண்டும் என்று கீபோட் உரைப்பெட்டியிடம் கேட்பது. விசை எண் வந்தாலும் வராவிட்டாலும் இதுவே பெயர். ஒரு கோரலில் ஓர் எழுத்து முழுதாக அழியும் என்று கொள்ளவேண்டாம். வெற்றுக்கோரல்: அழிக்க எதுவுமில்லாத பெட்டியில் வரும் பின்னழிப்புக் கோரல். இதைக் கண்டறிந்ததும் முந்திய கட்டத்துக்குச் செல்க."


மடத்தடியிலிருந்து

காவலெழுத்து அழகு, மாற்றவேண்டாம். வெற்றுக்கோரல்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெற்றுப்பேச்சு என்பதுபோல் வீணான கோரல் என்று படுகிறது. உங்கள் செயலியில் அது வீணானதே இல்லை. 'வெறும்பெட்டிக் கோரல்' நீளமானாலும் ஐயமில்லை.


கோணேசபுரி வளாகத்திலிருந்து

சேர், நிரலில் எழுதும்போது நீளம் கையைக் கடிக்கிறது. ஆவணத்தில் வெறும்பெட்டிக் கோரல் என்று மாற்றிவிட்டேன். நிரலுக்குள் வெற்றுக்கோரலை இப்போதைக்கு விட்டிருக்கிறேன். உவர்மலை அண்ணா என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு ஒன்றாக்குகிறேன்.