பீட்டர் லாலர்: கலகக்காரர் எப்படிச் சபாநாயகர் ஆனார்?

தெற்குக்காற்று கேட்டது:
ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டுபவர்கள் நடத்திய யுரேக்கா கலகத்தின் தலைவர் லாலரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1854ல் அங்கே விக்டோரியா காலனி அரசை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர், அடுத்த வருடமே சட்ட மேலவைக்குள் போய் உட்காருகிறார். அப்புறம் சொத்துள்ளவர்களுக்குக் கூடுதல் ஓட்டு தரும் மசோதாவை ஆதரிக்கிறார். விலைபோய்விட்டாரா?

பழையஏடு:
அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் பிறந்த வீட்டைப் பாருங்கள். அயர்லாந்தில் டெனகில் என்ற ஊரில் வசதியான விவசாயக் குடும்பம். அப்பா பேட்ரிக் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். சொத்தை வெறுக்கிற வீடு இல்லை அது. 1852ல் மெல்பர்ன் வந்த லாலர், பல்லாரட்டில் தங்கம் தோண்டப் போனார்.

அங்கே எல்லோருக்கும் தங்கம் தோண்ட அரசு கேட்ட லைசென்ஸ் மீதுதான் ஆத்திரம். தங்கம் கிடைக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். ஓட்டு கிடையாது. ஆழக் குழிக்குள் வேலை செய்பவனை மேலே வரவழைத்துப் போலீஸ் சீட்டுக் கேட்கும். பொறுக்க முடியாமல் பல்லாரட்டின் பேக்கரி ஹில்லில், கலகக்காரர்களின் தெற்குச் சிலுவைக் கொடியின் கீழ் மண்டியிட்டு, ஒருவரையொருவர் கைவிட மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். செய்ய வைத்தவர் லாலர்.

டிசம்பர் 3, ஞாயிறு விடியற்காலையில், அவர்கள் யுரேக்காவில் போட்டிருந்த தடுப்பரணுக்குள் ராணுவம் புகுந்தது. லாலருக்கு இடது கையில் குண்டு. பலகைகளைப் போட்டு மூடி அவரை மறைத்தார்கள். பிறகு பாதிரியார் ஸ்மித்தின் வீட்டில் அந்தக் கையை வெட்டி எடுத்தார்கள். லாலரின் தலைக்கு 200 பவுண்ட் பரிசு அறிவித்தும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. வருடத்துக்கு 8 பவுண்டாக இருந்த லைசென்ஸ் போய், 1855ல் ஒரு பவுண்டுக்கு ஓட்டுரிமையோடு அனுமதிச் சீட்டு வந்தது. இது சின்ன வெற்றியா, சொல்லுங்கள்! அவர் கேட்டது நியாயமான ஆட்சி. எல்லோருக்கும் சரிசமமான ஓட்டை அவர் கேட்கவே இல்லை.

குழிமேடு:
மசோதாவை விடுங்கள். 1873ல் பல்லாரட்டுக்குப் பக்கத்து ஊரான குளூன்ஸில் நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? லோதெய்ர் சுரங்கக் கம்பெனிக்கு அவர் ஒரு இயக்குநர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கம்பெனி சீனத் தொழிலாளர்களைக் கோச்சு வண்டிகளில் போலீஸ் காவலோடு அனுப்பியது. ஊரே, பெண்கள் உட்படத் திரண்டு கல்லெறிந்து வண்டிகளைத் திருப்பியது. அடி வாங்கியதோ பிழைக்க வந்த சீனர்கள்.

பழையஏடு:
அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஒரு காலத்தில் தானும் குழியில் இறங்கியவர் அவர். அதனாலேயே என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. ஆனால் வாக்காளர்கள் மன்னித்தார்கள். மறு வருடமே சவுத் கிராண்ட் தொகுதி அவரை விக்டோரியா சட்டப் பேரவைக்குத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. 1880ல், இன்னொரு அயர்லாந்துக்காரரான கேவன் டஃபிக்குப் பின் அந்தப் பேரவையின் சபாநாயகர் ஆகி, 1887 வரை இருந்தார்.