புதுப்பிப்பு: ஸ்டாப் பேமென்ட் செய்த செக், பணம் கைக்கு வந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்காக: மும்பை தாராவியில் லெதர் பை தைத்து விற்கிறேன். சரக்கு எடுத்த டெல்லி வியாபாரி கொடுத்த செக், அவரே பேமென்ட்டை நிறுத்தியதால் திரும்பிவிட்டது. இதற்கும் 138 (பணம் வராமல் செக் திரும்பினால் கிரிமினல் கேஸ் போட வழி தரும் மாற்றுமுறை ஆவணச் சட்டப் பிரிவு) பொருந்துமா, கேஸ் போட டெல்லிக்குப் போகணுமா என்று கேட்டிருந்தேன்.

பொருந்தும். நியாயமான காரணத்தோடுதான் நிறுத்தினேன், கணக்கில் பணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது செக் கொடுத்தவர்தான். டெல்லிக்கும் போகவில்லை. 2015 திருத்தத்தின்படி நம் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குள் உள்ள கோர்ட்டே போதும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், வக்கீலும் அதையே சொல்லி தாதரில் இருக்கும் என் வங்கிக் கிளையை வைத்து மும்பையிலேயே போட்டார்.

செக் திரும்பியதாக வங்கி தரும் மெமோ வந்த 30 நாளுக்குள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். எதிர்பாராதது இதுதான்: அவர் வாங்க மறுத்து, கவர் அப்படியே திரும்பி வந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன், ஆனால் சரியான முகவரிக்கு அனுப்பி அவர் மறுத்தால் அது கிடைத்ததாகவே கணக்கு. அதிலிருந்து 15 நாள் பார்த்துவிட்டு, அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுத்தோம்.

சம்மன் போனதும் ஆள் இறங்கி வந்தார். இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம் என்றால் யாருக்கும் பயம் வரும்தானே! முழுப் பணமும் வக்கீல் செலவும் கொடுத்தார், அதே சட்டத்தின் 147-வது பிரிவின் கீழ் சமரசமாக முடித்துக்கொண்டோம். அந்தத் திரும்பி வந்த கவரை மட்டும் யாரும் பிரித்துவிடாதீர்கள், கோர்ட்டில் அதை அப்படியே காட்ட வேண்டியிருந்தது.