கொட்டகையாகக் கிடந்த மர ரயில் பெட்டி: பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிடலாமா?

மரச்சட்டம்:
நூறு வயது தாண்டிய மரப் பயணிகள் பெட்டி ஒன்று எங்கள் குழுவுக்குக் கிடைத்திருக்கிறது. ஓட்டத்திலிருந்து எடுத்ததும் அடிச்சட்டத்தையும் சக்கரங்களையும் கழற்றிவிட்டு உடலை மட்டும் விற்றிருக்கிறார்கள், அப்புறம் அது கொட்டகையாகவே நின்றிருக்கிறது. கூரை ஒழுகுகிறது, கதவடியில் மரம் விரலால் குத்தினாலே உதிர்கிறது. பெயின்ட் முழுவதையும் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்கிறார்கள் சிலர். சரியா?

தண்டவாளம்:
தயவுசெய்து வேண்டாம். எங்கள் முதல் பெட்டியில் அதைத்தான் செய்தோம். மரம் பளிச்சென்று வந்துவிட்டது, ஆனால் எந்த நிறத்தில் ஓடியது, எந்த வகுப்புப் பெட்டி என்று சொல்ல ஒரு தடயமும் மிஞ்சவில்லை. இன்றும் மனசு ஆறவில்லை. ஜன்னல் சட்டத்துக்கு அடியில், வெயில் படாத இடமாகப் பார்த்து, உள்ளங்கை அகலத்துக்கு ஈர உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள், வளையம் வளையமாக ஒவ்வொரு பூச்சும் தெரியும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதனால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது, முகமூடியும் கட்டாயம். கதவு விளிம்பில் எண் குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். தடுப்புச் சுவர் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் வரிசையாக இருக்கும், எத்தனை அறைகள் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

தேக்கு:
அடியில் பெயின்ட்டே இல்லாமலும் இருக்கலாம். இங்கிலாந்தில் 1923-இல் தொடங்கிய லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே தன் தேக்குப் பெட்டிகளுக்கு வார்னிஷ் மட்டும்தான் பூசியது. கூரையில் வாயு விளக்குக் குழாயின் மிச்சம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள், பெட்டியின் காலத்தைக் கணிக்க உதவும். ஆனால் விளக்கு மின்சாரமாகவே இருக்கட்டும். 1915-இல் ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில் விபத்தில் மரப் பெட்டிகளும் அடியில் உருளைகளில் அடைத்திருந்த விளக்கு வாயுவும் சேர்ந்து எரிந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மரச்சட்டம்:
ரொம்ப நன்றி. அப்படியென்றால் எதை முதலில் தொடுவது?

தண்டவாளம்:
கூரையை. அது ஒழுகும்வரை கீழே செய்யும் வேலை எல்லாம் வீண். அந்தக் காலத்தில் பலகைமேல் வெள்ளை ஈயக் கலவை தடவி அதன்மேல் கேன்வாஸை இழுத்து ஒட்டுவார்கள். இப்போது ஈயம் இல்லாத பூச்சு போதும். கீழ்ச் சட்டத்தில் இற்றுப்போனதை மட்டும் சாய்வாக அறுத்து அதே வகை மரத்தில் ஒட்டுப் போடுங்கள், கெட்டியாக இருக்கும் பழைய மரத்தில் கை வைக்காதீர்கள். அடிச்சட்டம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், வேறு வண்டியின் அடிச்சட்டத்தை அளவுக்கு வெட்டிப் பொருத்தியே நிறையப் பெட்டிகள் மறுபடி ஓடுகின்றன. இன்றைக்கே ஒரு தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள், பக்கவாட்டில் காற்று போக இடம் விட்டு.