ஸ்க்ரிப்ட் 40வது பக்கத்துல படுத்துடுது, யாராவது பாத்து சொல்லுங்க

பேனாமூடி:
வணக்கம் மக்களே, முதல் ஸ்க்ரிப்ட் இது, 132 பக்கம். படிக்கக் குடுத்த நாலு பேரும் ஆரம்பம் சூப்பர்னாங்க, முடிவும் ஓகேன்னாங்க, ஆனா நடுவுல போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சிட்டாங்க, ஒருத்தன் என் கண்ணு முன்னாடியே தூங்கிட்டான். கதை என்னன்னா லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தன், இவன் சர்வீஸ் பண்ண லிஃப்ட்ல ஆக்சிடென்ட் ஆகி கூட வேலை பாத்த நண்பன் செத்துடறான், பழி இவன் மேல, யாரு காரணம்னு தேடறான். சீன் நிறைய இருக்கு, ஃபைட் கூட இருக்கு, அப்படியும் லேக் அடிக்குது. எதைத் தூக்கறது?

ராக்கோழி:
இப்போதைக்கு எதையும் தூக்காதீங்க. 40ல இருந்து சீன் சீனா ஒரு வரில எழுதிப் போடுங்க. வசனம் வேணாம், என்ன நடக்குதுன்னு மட்டும்.

பேனாமூடி:
செக்யூரிட்டி வந்து அன்னிக்கு ராத்திரி யாரோ மெஷின் ரூமுக்குப் போனாங்கன்னு சொல்றாரு. அப்புறம் நண்பனோட மனைவி வந்து திட்டறாங்க. அப்புறம் பழைய மேனேஜர் போன் பண்ணி, லிஃப்ட் சர்வீஸ் விவரம் எழுதற லாக் புக்ல ஒரு கையெழுத்து போலின்னு சொல்றாரு. அப்புறம் ஃபைட். அப்புறம்...

ராக்கோழி:
வியாதி உங்க பதிவுலயே இருக்கு பாஸ், எத்தனை "அப்புறம்" எண்ணிப் பாருங்க. ரெண்டு சீனுக்கு நடுவுல "அதனால" இல்லேன்னா "ஆனா" வந்து உக்காரணும். அதோட உங்க ஹீரோ இருந்த இடத்துலயே இருக்கான், ஊரே வந்து தகவல் டெலிவரி பண்ணிட்டுப் போகுது. இப்படிப் பாருங்க: செக்யூரிட்டி சொல்றாரு, அதனால இவன் லாக் புக்கைத் திருடப் போறான், போலிக் கையெழுத்தைப் பாத்துடறான், ஆனா மாட்டிக்கறான், அதனால வேலை போகுது, அதனால மெஷின் ரூம் சாவிக்கு நண்பனோட வீட்டுக்குத்தான் போயாகணும். இப்போ அதே திட்டற சீன், அதே வசனம்கூட இருக்கட்டும், ஆனா அவங்க திட்டத் திட்ட இவன் கண்ணு ஆணில தொங்கற சாவிக்கொத்து மேலயே இருக்கு. இவனுக்கு ஒண்ணு வேணும், அவங்க தரமாட்டாங்க, அவ்வளவுதான் சீன்.

க்ளாப்போர்டு:
நடுவுல பூந்து கேக்கறேன், போலிக் கையெழுத்து யாருதுன்னு எப்போ சொல்றீங்க?

பேனாமூடி:
125வது பக்கத்துல. கூடவே சுத்தற ஜூனியர் பையன். அதான் ட்விஸ்ட்டு.

க்ளாப்போர்டு:
த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக் சொன்ன, மேசைக்கு அடியில இருக்கற பாம் கணக்குதான் இது, திடீர்னு வெடிச்சா 15 செகண்ட் அதிர்ச்சி, பாம் இருக்கறதை முன்னாடியே காட்டிட்டா 15 நிமிஷம் பதைபதைப்பு. 60வது பக்கத்துல ஜூனியர் ஒரு பார்சல் வாங்கி சைன் பண்ணட்டும், லாக் புக்ல பாத்த அதே சுழி. ஹீரோ பாக்கல, நாம பாத்துட்டோம். அதுக்கப்புறம் ஹீரோ அவனை நம்பி ஒவ்வொண்ணா சொல்லும்போது எவன் தூங்குவான்?

ராக்கோழி:
அப்போ கடைசில என்ன மிச்சம் இருக்கும்? யாருன்னு தெரியட்டும், ஏன்ங்கறதை 125க்கு வெச்சுக்கோங்க. அப்புறம் 132 பக்கம்னா 132 நிமிஷம்னு நினைச்சுடாதீங்க, பக்கத்துக்கு ஒரு நிமிஷம்ங்கறது கூரியர்ங்கற ஃபான்ட்ல, 12 பாயிண்ட் சைஸ்ல அடிக்கிற இங்கிலீஷ் ஸ்க்ரிப்ட் கணக்கு, தமிழ்ல அப்படியே ஒத்துவராது. சத்தமா படிச்சு டைம் பாருங்க.

பேனாமூடி:
ரெண்டு நாளா உக்காந்து எல்லாத்தையும் கோத்துப் பாத்தேன். ஃபைட்டுக்கு முன்னாடியும் "அதனால" ஒட்டல, பின்னாடியும் ஒட்டல. 6 பக்கம் போச்சு. அதை எழுத 9 நாள் ஆச்சு சார் எனக்கு.