பொருள்: ‘செல்ஃப் பேஸ்டு’ படிப்புக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகப் படிப்புகளை இலவசமாகத் தரும் இணையதளம் ஒன்றைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல் மட்டும் இடிக்கிறது.

அங்கே படிப்புகள் இரண்டு வகை. ஒன்றில் வாரம் ஒரு பாடம் திறக்கும், ஒவ்வொரு பயிற்சிக்கும் கெடுத் தேதி உண்டு. மற்றதில் எல்லாப் பாடங்களும் முதல் நாளே திறந்திருக்கும். எப்போது வேண்டுமானாலும் சேர்ந்து, முடிகிறபோது படிக்கலாம். இந்த இரண்டாவதுதான் ‘செல்ஃப் பேஸ்டு’. முதலில் ‘சுயவேகம்’ என்று போட்டோம். சோதித்துப் பார்த்த மாணவி ஒருவர் அதை அழுத்தினால் காணொளி வேகமாக ஓடும் என்று நினைத்துவிட்டார். காணொளிக்குக் கீழே ‘வேகம் 1.5’ என்று ஏற்கெனவே ஒரு பொத்தான் இருக்கிறது. அவர் வேறு எப்படி நினைப்பார்?

பன்னிரண்டு எழுத்துக்குள் இருந்தால் பொத்தானில் அடங்கும். உதவுங்கள்.

மறுமொழி 1

தம்பி, சுயமும் வடசொல், வேகமும் வடசொல். நம்மிடம் ‘நடை’ இருக்கும்போது ஏன் கடன்? தன் + நடை = தன்னடை. தன் + நலம் தன்னலம் ஆனதுபோல. நடையில் விரைவும் அடங்கும், ஒழுங்கும் அடங்கும். ‘தன்னடைப் படிப்பு’, ஒன்பதே எழுத்து.

மறுமொழி 2

> தன் + நடை = தன்னடை

புணர்ச்சி சரிதான் ஐயா. ஆனால் தன் + அடை என்றாலும் தன்னடைதான். விளக்கம் இல்லாமல் பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. ‘தன் போக்கில்’ என்றால் எல்லோருக்கும் விளங்குமே?

மறுமொழி 3

‘அவன் தன் போக்கில் திரிகிறான்’ என்று எப்போது சொல்கிறோம்? சொல்பேச்சு கேட்காதவனைப் பற்றி. படிக்க வருகிறவரை அப்படி வரவேற்க வேண்டாம்.

மறுமொழி 4

இந்த இழையைப் படித்ததும் நன்னூல் பாயிரம்தான் நினைவுக்கு வந்தது. பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் சூத்திரம் ‘கோடல் மரபே கூறுங் காலைப் பொழுதொடு சென்று’ என்றுதான் தொடங்குகிறது. ஆசிரியருக்கு உகந்த பொழுதில் மாணவன் போய் நிற்க வேண்டும். ‘இரு’ என்றால் இருக்க வேண்டும், ‘போ’ என்றால் போக வேண்டும். நம் தம்பி கேட்பது இதற்கு நேர் எதிரானது: மாணவனின் பொழுதுக்குப் பாடம் வந்து நிற்கிறது.

அதே பாயிரம் ஒரு பாடத்தை இருகாற் கேட்டால் பிழை குறையும், முக்காற் கேட்டால் முறையறிந்து உரைக்கலாம் என்றும் சொல்கிறது. வகுப்பில் இரண்டாம் முறை கேட்க எத்தனை மாணவருக்குத் துணிவு வரும்? காணொளியைப் பின்னால் தள்ளி எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். எனக்கு இது பெரிய விடுதலையாகத் தெரிகிறது.

அந்தக் ‘கோடல்’ என்ற சொல்லையே எடுத்தால் என்ன? கொள் என்பதன் தொழிற்பெயர். தன் + கோடல் = தற்கோடல். கொள்கை, கோட்பாடு எல்லாம் இதே வேர். கோடல் வெண்காந்தளுக்கும் பெயர். கோடுதல் என்றால் வளைதல். கோட்டம், கோணல் என்று அது வேறொரு குடும்பம். ஆனாலும் படிக்கிறவருக்காகப் படிப்பு வளைந்துகொடுக்கிறது என்றும் கொள்ளலாமே.

மறுமொழி 5

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் இன்று முதல்முறை தளத்துக்கு வருகிற ஒருவர் ‘தற்கோடல்’ என்பதை அழுத்துவாரா? ‘தற்கொலை’யின் ஓசை வேறு அதில் கேட்கிறது.

நான் இணையவழியில் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். ஒரு விரிவுரையை மூன்று இரவுகளில், குழந்தை தூங்கிய பிறகு, துண்டு துண்டாகப் பார்த்து முடித்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அவர் வேகம் குறைந்தவர் அல்லர். வகுப்பில் இருந்திருந்தால் முதல் ஆளாக விடை சொல்லியிருப்பார். அவருக்கு இல்லாதது நேரம். ஆங்கிலத்தில் வேகத்தை வைத்துப் பெயரிட்டார்கள் என்பதற்காக நாமும் வேகம், கதி, நடை என்று தேட வேண்டியதில்லை. அங்கே கெடு இல்லை, அவ்வளவுதான். ‘கெடுவில்லாப் படிப்பு’ என்று எழுதுங்கள்.

மறுமொழி 6

‘திறந்தநிலைப் படிப்பு’ என்றே விட்டுவிடலாமே? மூக் வகைப் படிப்புகள், அதாவது யார் வேண்டுமானாலும் பெருந்திரளாகச் சேரக்கூடிய இணையவழிப் படிப்புகள், எல்லாமே அப்படித்தானே?

மறுமொழி 7

இல்லை. ‘மூக்’ என்ற சுருக்கமே 2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் படிப்பு ஒன்றை ஒட்டிப் பிறந்தது. கட்டணம் கட்டியவர்கள் 25 பேர், இலவசமாகச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,200 பேர். அதற்கு வார அட்டவணை உண்டு. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அதிலும் வாரந்தோறும் கெடு. மாறாக, அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001-இல் அறிவித்த ‘ஓப்பன் கோர்ஸ்வேர்’ என்ற திறந்த பாடப்பொருள் திட்டத்தில் பதிவும் இல்லை, தேதியும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆக இலவசம் வேறு, திறந்தது வேறு, கெடு இல்லாதது வேறு. மூன்றையும் ஒரே சொல்லில் கட்டினால் சேருகிறவர் ஏமாந்துபோவார்.

‘கெடுவில்லா’ பற்றி ஒரு தயக்கம். இத்தகைய படிப்புகளுக்கும் சில தளங்களில் முடிவு நாள் உண்டு. அது தெரியாமல் ஒருவர் பாதியில் நின்றுபோகக் கூடாது.

மறுமொழி 8

பொழுதுதான் விஷயம் என்றால் ‘தன்பொழுது’ ஆகாதா?

மறுமொழி 9

புணர்ந்தால் ‘தற்பொழுது’ ஆகிவிடும் அம்மா! தன்பகை, தற்பகைபோல இரண்டு வடிவமும் வரலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. ஆனால் நாளைக்கே யாராவது திருத்துகிறேன் என்று ‘தற்பொழுதுப் படிப்பு’ ஆக்கிவிடுவார்கள்.

மறுமொழி 10

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பு போகிறது. பொத்தானில் ‘உங்கள் நேரத்தில்’ என்று வைக்கிறேன். அதுவும் ஒன்பது எழுத்துதான். கீழே சிறிய எழுத்தில் ‘வாரக் கெடு இல்லை. படிப்பு முடியும் நாளைப் பாருங்கள்’ என்று வரும். நேற்று அதே மாணவியிடம் காட்டினேன். ‘அப்போ ஞாயிற்றுக்கிழமை மட்டும் படிக்கலாமா?’ என்று கேட்டார். சரியாகப் புரிந்திருக்கிறது.

மறுமொழி 11

பொத்தானுக்கு அது போதும் தம்பி. ஆனால் ‘உங்கள் நேரத்தில்’ கலைச்சொல் ஆகாது. நாளை ஒரு மாணவர் கட்டுரை எழுதும்போது ‘உங்கள் நேரத்தில் படிப்பின் குறைகள்’ என்று தலைப்பு வைக்க முடியுமா? சொற்பட்டியலில் ‘தன்னடைப் படிப்பு’ என்பதையும் சேருங்கள். தன் + அடை என்று பிரிப்பவர் பிரிக்கட்டும்.