18ஆம் நாள் வரை உயிரோடு இருந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டன. ஈரப்பதம் எங்கே தவறியது?

நாகை முட்டைக்காரன்:
வணக்கம். மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் நானே செய்த இன்குபேட்டர். 40 வாட் குண்டு பல்பு இரண்டு, வெப்பத்தைக் கட்டுப்படுத்த 1209 போர்டு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்று. அடியில் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தாம்பாளம், அதற்கு மேல் கம்பி வலை, வலையில் முட்டை. வெப்பம் 37.5 டிகிரியில் நிற்கிறது, அதில் குறை இல்லை.

ஐப்பசி கடைசியில் 24 நாட்டுக்கோழி முட்டை வைத்தேன். 18ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது 19 முட்டையில் உயிர் இருந்தது. பொரித்தது ஐந்துதான். மீதி 14 முட்டையும் 23 நாள் வரை அப்படியே கிடந்தன. ஆறு முட்டையை உடைத்துப் பார்த்தேன். முழுக்க வளர்ந்த குஞ்சு, ஆனால் கழுத்தெல்லாம் ஊதி, சளி போல ஈரம் சொட்டுகிறது. இரண்டில் தொப்புள் மூடாமல் மஞ்சள் கரு பாதி வெளியே இருந்தது.

ஈரப்பதத்தை முதல் நாளிலிருந்தே 65 முதல் 70 வரை வைத்திருந்தேன். மீட்டர் 65க்குக் கீழே போனால் தண்ணீர் ஊற்றுவேன். அப்படியும் இறங்குகிறதே என்று காற்று ஓட்டைகள் நான்கில் மூன்றை டேப் போட்டு ஒட்டினேன். எங்கள் அப்பாயி, அடை வைக்கும்போது இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடாததால் இடி விழுந்து முட்டை கெட்டது என்கிறார். நான் என்ன தவறு செய்தேன்?

பண்ணைப் புதுசு:
ஈரம் பத்தவில்லை சகோ. எனக்கும் போன சித்திரையில் இதே கதை, ஓட்டைக் கொத்திவிட்டு உள்ளேயே செத்தன. தண்ணீரைக் கூட்டுங்கள். முட்டை மேல் லேசாகத் தெளித்தும் விடுங்கள்.

கரூர் சிறுவிடை:
தெளிக்க வேண்டாம் தம்பி. வாத்து முட்டைக்குத் தெளிப்பவர்கள் உண்டு, கோழி முட்டைக்குத் தேவையில்லை. அவர் சொல்வது சித்திரைக் கதை, உங்களுடையது மழைக்காலக் கதை. சாவு ஒன்றுதான், காரணம் நேர் எதிர்.

ஈரம் குறைந்தால் உள்சவ்வு காய்ந்து வெள்ளைத் தோல் போலக் குஞ்சின் மேல் இறுகிவிடும், குஞ்சால் திரும்பவே முடியாது. உங்கள் குஞ்சு ஊதி, சொட்டச் சொட்ட இருக்கிறது. ஈரம் மிஞ்சிவிட்டது.

முட்டை அடையில் இருக்கும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீர் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். அது போன இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். 18ஆம் நாள் டார்ச் அடித்தால் முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்றறையாகத் தெரிய வேண்டும். குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அதற்குள் மூக்கை நீட்டித்தான். அறை சின்னதாக இருந்தால் மூச்சுக்குப் பதில் நீர்தான் மூக்கில் ஏறும். உங்களுடையது எவ்வளவு இருந்தது?

நாகை முட்டைக்காரன்:
அதைக் கவனிக்கவில்லை அண்ணே. உயிர் அசைகிறதா என்று மட்டும் பார்த்தேன். இப்போது நினைத்தால், உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் வெளிச்சமாக இருந்த ஞாபகம்.

சால்டரிங் அயர்ன்:
மீட்டரை முதலில் சோதியுங்கள். இந்த மலிவு மீட்டர்கள் பத்துப் புள்ளி வரைகூடத் தப்பாகக் காட்டும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருந்தால் போதும். மூடியையும் மீட்டரையும் ஜிப் கவரில் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதுதான் உங்கள் மீட்டரின் பொய்.

இன்னொன்று. காற்று ஓட்டையை அடைத்து ஈரத்தைக் கூட்டக் கூடாது. கடைசி வாரத்தில் குஞ்சுக்கு மூச்சுத் தேவை கூடும். மூன்று ஓட்டையை அடைத்ததும் உங்கள் சாவுக் கணக்கில் சேரும்.

நாகை முட்டைக்காரன்:
உப்புச் சோதனை செய்தேன். 66 காட்டுகிறது!

சால்டரிங் அயர்ன்:
ஒன்பது குறைவாகக் காட்டுகிறது. அப்படியென்றால் நீங்கள் 65, 70 என்று நினைத்தது உண்மையில் 74 முதல் 79. பாவம், குஞ்சுகள் குளத்துக்குள் வளர்ந்திருக்கின்றன.

கரூர் சிறுவிடை:
முதல் 18 நாள் 50க்குப் பக்கம் இருந்தால் போதும். 65, 70 எல்லாம் முட்டை உருட்டுவதை நிறுத்திய பிறகு, கடைசி மூன்று நாளுக்கு மட்டும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. காற்றைச் சூடாக்கினால் அதில் உள்ள நீர் குறையாது, ஆனால் ஈரப்பத சதவீதம் இறங்கும். வெளியே மழை, 27 டிகிரி, ஈரப்பதம் 90 என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 ஆனால் ஏறத்தாழ 50 ஆகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே! எங்கள் கரூரில் வெயில் காலத்தில் 36 டிகிரி, 30 சதவீதம். பெட்டிக்குள் 28 கூட வராது, நான் தண்ணீர் வைத்தே ஆக வேண்டும். நான் வைக்கிறேன் என்பதற்காக நீங்கள் ஐப்பசி மழையில் தாம்பாளம் வைத்தால் இப்படித்தான்.

தாம்பாளமும் தப்பு. எவ்வளவு ஆழம் என்பதில் ஒன்றும் இல்லை, நீரின் மேற்பரப்பு எவ்வளவு அகலம் என்பதில்தான் எல்லாம். ஃபேன் காற்று வேறு அதன் மேல் அடிக்கிறது. தேவைப்பட்டால் ஒரு டம்ளர் வையுங்கள். கடைசி மூன்று நாளுக்குத் தாம்பாளம், அதில் ஒரு ஸ்பாஞ்ச். மூடியைத் திறக்காமல், மீன் தொட்டி டியூபை ஓட்டை வழியாக விட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்.

பண்ணைப் புதுசு:
அப்படியென்றால் மீட்டரே வேண்டாமா அண்ணே?

கரூர் சிறுவிடை:
இருக்கட்டும், ஆனால் நான் நம்புவது தராசை. 18 நாளில் முட்டை சுமார் 12 சதவீதம் எடை இழக்க வேண்டும். ஒரு முட்டை 45 கிராம் என்றால் ஐந்தரை கிராம். சமையல் தராசு கிராம் கணக்கில்தான் காட்டும், ஒற்றை முட்டையில் வித்தியாசம் சரியாகப் பிடிபடாது. அதனால் மொத்தமாக நிறுக்க வேண்டும். ஆனால் முதல் நாள் ஒவ்வொரு முட்டையின் எடையையும் அதன் ஓட்டிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். இடையில் கூமுட்டையை எடுத்தால் அதன் எடையைக் கணக்கிலிருந்து கழிக்க அது வேண்டும். பேனா வேண்டாம்.

நாகை முட்டைக்காரன்:
சரி அண்ணே, அடுத்த அடைக்கு அப்படியே செய்கிறேன். அப்பாயி கேட்டதற்காகப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியும் வைத்துவிடுகிறேன்.

நாகை முட்டைக்காரன் (மார்கழியில்):
இரண்டாம் அடை முடிந்தது. 20 முட்டை வைத்தேன், மொத்தம் 916 கிராம். நான்கு ஓட்டையும் திறந்தே இருந்தன, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வைத்தேன். ஏழாம் நாள் இரண்டு கூமுட்டை, எடுத்துவிட்டேன். மீதி 18 முட்டையின் முதல் நாள் எடை 825, அன்று நிறுத்தபோது 794. 31 கிராம்தான் போயிருந்தது. கணக்குப்படி 38 கிராம் போயிருக்க வேண்டும். டம்ளரையும் எடுத்துவிட்டேன். மீட்டர் 38 காட்டியது, அதாவது உண்மையில் 47. கை பரபரத்தது, ஆனால் ஊற்றவில்லை.

14ஆம் நாள் ஒரு முட்டையில் ரத்த வளையம், அதாவது கரு செத்ததன் அடையாளம், அதுவும் போனது. 18ஆம் நாள் 17 முட்டை 690 கிராம். அவற்றின் முதல் நாள் எடை 779. கிட்டத்தட்ட பதினொன்றரை சதவீதம். காற்றறை இந்த முறை நன்றாகச் சரிந்து, அதன் எல்லையைக் குறித்த பென்சில் கோடு முட்டையின் தோள் வரை வந்துவிட்டது.

20ஆம் நாள் ராத்திரி முதல் கொத்து. ஒரு குஞ்சு ஓட்டைக் கொத்திவிட்டுப் பதினாறு மணி நேரம் சும்மா கிடந்தது, உரித்துவிடலாமா என்று மூடி மேல் கை வைத்து வைத்து எடுத்தேன். கடைசியில் தானே சுற்றி வெட்டிக்கொண்டு வந்துவிட்டது. 17க்கு 14 பொரித்திருக்கிறது. இப்போது அட்டைப் பெட்டியில் பல்புக்கு அடியில் ஒரே சத்தம். அப்பாயிக்கு ஆணிதான் காரணம்.

கரூர் சிறுவிடை:
அருமை தம்பி. பொரிக்காத மூன்றையும் உடைத்துப் பார்த்தீர்களா?

நாகை முட்டைக்காரன்:
பார்த்தேன். ஒன்று தலைகீழாக, கூர்முனைப் பக்கம் தலை வைத்திருந்தது. மற்ற இரண்டும் 18க்குப் பிறகு செத்தவை, ஆனால் சொட்டும் ஈரம் இல்லை. ஒருநாள் ராத்திரி நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை, சுடுதண்ணீர் பாட்டில் வைத்து ஓட்டினேன். அதனால் இருக்கலாம்.

அந்த மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடவா?

சால்டரிங் அயர்ன்:
வேண்டாம். ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் ‘9 கூட்டவும்’ என்று எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்புச் சோதனை செய்து அந்த எண்ணை மாற்றுங்கள்.