பாரம்பரியமா, முறைமையா? 2 தெசலோனிக்கேயர் 2:15

கேள்வி:
பாரம்பரியத்தை இயேசுவே மாற்கு 7-இல் கண்டிக்கிறார். ஆனால் கத்தோலிக்க நண்பர் 2 தெச. 2:15-ஐக் காட்டி, பவுல் பாரம்பரியத்தைக் கைக்கொள்ளச் சொல்கிறார் என்கிறார். என் பைபிளில் (பழைய மொழிபெயர்ப்பு) அங்கே அந்தச் சொல்லே இல்லையே?

பதில்:
சொல் இருக்கிறது, தமிழில்தான் மறைந்துவிட்டது. இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் 'பராடோசிஸ்', அதாவது கையளிக்கப்பட்டது. புதிய ஏற்பாட்டில் 13 முறை வருகிறது. மத்தேயு 15, மாற்கு 7, கலா. 1:14, கொலோ. 2:8 ஆகிய 10 இடங்களில் பழைய மொழிபெயர்ப்பு 'பாரம்பரியம்' என்கிறது. பவுல் மெச்சிப் பேசும் மூன்றில் மட்டும் சொல் மாறுகிறது: 1 கொரி. 11:2-இல் 'கட்டளைகள்', 2 தெச. 2:15, 3:6-இல் 'முறைமை'. தமிழை மட்டும் படிப்பவருக்குப் பாரம்பரியம் என்றாலே கெட்டது என்று தோன்றாமல் என்ன செய்யும்?
மாற்கு 7-இல் கண்டிக்கப்படுவது, 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட வழிசெய்த பாரம்பரியம்.

பதில்:
மேலே சொன்னது சரி. ஆனால் அதோடு கத்தோலிக்கர் வாதம் நிலைநாட்டப்பட்டுவிடாது. 'வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது' என்றுதான் பவுல் சொல்கிறார். வாயால் சொன்னதில் நிருபங்களில் இல்லாதது ஏதாவது இருந்ததா, அது இன்றுவரை பிசகாமல் வந்ததா என்பதை அந்த வசனம் சொல்வதில்லை. சீர்திருத்தச் சபைகள் கேட்பது அதைத்தான். லூத்தர் விசுவாசப் பிரமாணங்களையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் தள்ளவில்லை. வேதத்தின் அதிகாரத்துக்குக் கீழே வைத்தார்.

பதில்:
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒன்று. சீர்திருத்தத்துக்குப் பதிலாகக் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கமான திரெந்து சங்கத்தின் வரைவில், உண்மை 'பகுதி எழுதப்பட்ட நூல்களில், பகுதி எழுதப்படாத மரபுகளில்' என்று இருந்தது. 1546 ஏப்ரல் 8-இல் நிறைவேறிய ஆணையில் அந்தப் 'பகுதி, பகுதி' போய், நூல்களிலும் மரபுகளிலும் என்று வெறும் 'உம்' நின்றது. உண்மையை இரண்டாகப் பங்கு போட்டார்களா என்ற வாதம் அதனால்தான் இன்னும் தீரவில்லை. வேதமும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்கிறது 1965-இன் இரண்டாம் வத்திக்கான் ஏடு. ஆசிரியம் (திருச்சபையின் போதிக்கும் அதிகாரம்) இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதன் பணியாளர் என்றும் சேர்க்கிறது.
ஒழுங்குமுறைகளை இதில் கலக்காதீர்கள். குருக்களின் மணத்துறவு, அப்போஸ்தலரிடமிருந்து வந்த திருமரபு அல்ல; கீழைக் கத்தோலிக்கச் சபைகளில் மணமான குருக்கள் உண்டு. திருவிழாக் கொடியேற்றத்தையும் அப்போஸ்தலர் தலையில் கட்ட வேண்டாம்!

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் எந்தெந்த நூல் வேதம் என்பது? அதற்கு வசனம் இல்லையே?

பதில்:
இல்லைதான். இன்றுள்ள 27 நூல்களையே புதிய ஏற்பாடாக வரிசைப்படுத்திய, நமக்குக் கிடைத்துள்ள முதல் பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) கடிதத்தில் இருக்கிறது. சபை அவற்றை வேதமாக்கியது என்பார் ஒருவர், அடையாளம் கண்டுகொண்டது என்பார் மற்றவர். நண்பரிடம் அடுத்து இதைப் பேசுங்கள். 2:15-ஐவிடக் கடினமான இடம் இதுதான்.